தி பைண்டிங் ஆஃப் ஐசக்: புதிதாக இறங்குகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

திகில், அருவருப்பு, கறுப்பு நகைச்சுவை மூன்றும் கலந்த ரோக்லைக் (செத்தால் முதலிலிருந்து தொடங்கும், ஒவ்வொரு முறையும் மாறும்) ஷூட்டர் வீடியோ கேம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் பலர் முதலில் சொல்வது இந்தப் பெயரைத்தான். புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கேள்விகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வருகின்றன. கதையின் முடிவைச் சொல்லும் பதில் ஒன்று நடுவில் இருக்கிறது. அங்கே முன்கூட்டியே எச்சரித்திருக்கிறேன்.

இது எப்படிப்பட்ட விளையாட்டு?

மேலிருந்து பார்க்கும் கோணத்தில் ஓடும் ஷூட்டர். ஐசக் என்ற சின்னப் பையன் வீட்டுக்கு அடியில் இருக்கும் பாதாள அறைகளுக்குள் இறங்கிப் போகிறான். துப்பாக்கியெல்லாம் கிடையாது, அழுதுகொண்டே கண்ணீரைத்தான் சுடுகிறான். எதிரிகள் இருக்கும் அறைக்குள் நுழைந்ததும் கதவுகள் மூடிக்கொள்ளும். உள்ளே இருப்பதையெல்லாம் கொன்றால்தான் திறக்கும். ஒரு தளத்தில் ஒரு பாஸ் (அந்தத் தளத்தின் பெரிய எதிரி), ஒரு புதையல் அறை, ஒரு கடை என்று பெரும்பாலும் இருக்கும். பாஸை முடித்தால் அடுத்த தளத்துக்கு வழி திறக்கும்.

செத்தால் முதலிலிருந்து ஆரம்பம். அந்த ரன்னில், அதாவது தொடங்கியதிலிருந்து சாகும் வரையிலான ஒரு ஆட்டத்தில், சேர்த்தது எதுவும் கூட வராது, அடுத்த முறை அறைகளும் ஐட்டங்களும் (சக்தியை மாற்றும் பொருள்களும்) மாறியிருக்கும். 1980-இல் வந்த 'ரோக்' என்ற கணினி விளையாட்டு தொடங்கிவைத்த பழக்கம் இது. அறைகளின் அமைப்பு, சாவி, வெடிகுண்டு எல்லாம் 1986-இல் வந்த முதல் 'லெஜண்ட் ஆஃப் ஜெல்டா'வின் பாதாளக் கோட்டைகளைப் பார்த்துச் செய்தவை. இரண்டையும் சேர்த்து ஒட்டியதுதான் ஐசக்.

யார் செய்தது?

எட்மண்ட் மெக்மில்லன் என்ற அமெரிக்கர், ஃப்ளோரியன் ஹிம்ஸ்ல் என்ற நிரலாளருடன் சேர்ந்து செய்தது. மெக்மில்லனுக்கு 2010-இல் 'சூப்பர் மீட் பாய்' மூலம் பெயர் கிடைத்திருந்தது. அந்த விளையாட்டில் அவருடைய கூட்டாளியான டாமி ரெஃபனெஸ் ஓய்வில் இருந்த நேரத்தில், சும்மா ஒரு சின்ன வேலையாக ஆரம்பித்தது இது. ஃப்ளாஷ் என்ற பழைய மென்பொருளில் எழுதப்பட்டு 2011 செப்டம்பரில் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் வந்தது. ஓடும் என்று அவரே பெரிதாக எதிர்பார்க்கவில்லை. நார்தர்ன்லயன் போன்ற யூடியூபர்கள் நாள்தோறும் ஆடிக்காட்ட ஆரம்பித்த பிறகுதான் பரவலானது. ஒரு ரன் மாதிரி இன்னொரு ரன் இருக்காது என்பதால் பார்ப்பவர்களுக்கும் சலிக்கவில்லை.

இது பைபிள் கதையா? மதத்தைக் கேலி செய்கிறதா?

ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கை (ஆங்கிலத்தில் ஐசக்) பலியிடப் போகும் கதைதான் வேர். அங்கே கடைசி நொடியில் தேவதூதன் தடுத்துவிடுகிறான். விளையாட்டில் அந்தக் கதை ஒரு மலைமேல் இருக்கும் சின்ன வீட்டுக்கு வருகிறது. அம்மா நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் மத நிகழ்ச்சிகளைப் பார்க்கிறாள். மேலேயிருந்து ஒரு குரல் கேட்கிறது. மகன் பாவத்தால் கெட்டுவிட்டான் என்கிறது அந்தக் குரல். முதலில் பொம்மைகளைப் பிடுங்குகிறாள், பிறகு அறையில் அடைக்கிறாள், கடைசியில் கத்தியோடு வருகிறாள். விரிப்புக்கு அடியில் இருக்கும் பொறிக்கதவைத் திறந்து ஐசக் கீழே குதிக்கிறான்.

மெக்மில்லன் கத்தோலிக்கர்களும் மறுபிறப்புக் கிறிஸ்தவர்களும் இருந்த குடும்பத்தில் வளர்ந்தவர். அந்தச் சூழலில் ஒரு பிள்ளை மனதில் பதியும் பயமும் குற்ற உணர்வும்தான் விளையாட்டு முழுக்க இருக்கிறது. காயீன், யூதாஸ், மகதலேனா, லாசரு என்று தெரிந்த பெயர்கள் எல்லாம் கேரக்டர்களாக வரும். கேலி என்று எனக்குப் படவில்லை. அடி வாங்கிய ஒருவர் திரும்பிப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 2012-இல் நின்டெண்டோ, மத உள்ளடக்கத்தைக் காரணம் காட்டி 3டிஎஸ் கருவியில் இதை வெளியிட மறுத்தது. 2015-இல் அதே நிறுவனத்தின் வீ யூவிலும் நியூ 3டிஎஸ்ஸிலும் 'ரீபர்த்' என்ற மறுபதிப்பு வந்துவிட்டது.

உண்மையிலேயே பயமாக இருக்குமா?

திடுக்கிட வைக்கும் வகை இல்லை. இருட்டு மூலையிலிருந்து எதுவும் கத்திக்கொண்டு பாயாது. சதைப் பிண்டங்கள், ஈக்கள், தலையில்லாமல் ஓடும் உடம்புகள், மலம், ரத்தம் என்று எல்லாம் கார்ட்டூன் பாணியில் வரும். முதலில் அருவருப்பாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

பழகாதது இன்னொன்று. ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்குப் போகும்போது இருட்டில் சுருண்டு படுத்து அழும் ஐசக்கைக் காட்டுவார்கள். நினைவில் ஓடும் காட்சிகள் சில நொடிகள் வரும்: கூடப் படிக்கும் பிள்ளைகள் அவமானப்படுத்துவது, அம்மா கண்டுகொள்ளாமல் போவது. கீழே சந்திக்கும் பேய்களில் பல அவனுடைய சொந்த முகத்தோடுதான் இருக்கின்றன. ஐட்டங்களோ அம்மாவின் உள்ளாடை, அம்மாவின் உதட்டுச்சாயம், அம்மாவின் கத்தி, அப்பாவின் சாவி. வீட்டில் கிடக்கும் பொருள்களே ஆயுதமாகவும் பயமாகவும் மாறுவதைக் கவனித்த பிறகு, சிரித்துக்கொண்டே ஆடுவது கொஞ்சம் கஷ்டம்.

எந்தப் பதிப்பை வாங்குவது?

'ரீபர்த்' வாங்குங்கள். 2011 பதிப்பு ஃப்ளாஷின் எல்லைக்குள் திணறியது. அறையில் எதிரிகள் கூடினால் படம் நொண்டும், புதிதாக எதையும் சேர்க்கவும் இடமில்லை. அதனால் நிக்கலிஸ் நிறுவனம் புதிய எஞ்சினில் முழுக்க மறுபடி எழுதி 2014 நவம்பரில் வெளியிட்டது. ஓவியம் பிக்சல் பாணிக்கு மாறியது. டேனி பாரனாவ்ஸ்கியின் பழைய இசைக்குப் பதில் ரிடிகுலான் குழுவின் இசை வந்தது. பழைய இசைதான் மேல் என்று சண்டை போடுகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கும் அந்தக் கட்சிதான்.

அதன் மேல் 'ஆஃப்டர்பர்த்' (2015), 'ஆஃப்டர்பர்த் பிளஸ்' (2017), 'ரிபென்டன்ஸ்' (2021) என்று மூன்று விரிவாக்கங்கள். கடைசியைப் போட முந்தைய இரண்டும் இருக்க வேண்டும். ரீபர்த்தை மட்டும் வாங்கி, பாஸாக வரும் அம்மாவைக் கொல்லும் வரை ஆடுங்கள். பிடித்திருந்தால் ஸ்டீமில் தள்ளுபடி வரும்போது மிச்சத்தை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுக்கொண்டு தொடங்கினால் 700-க்கு மேற்பட்ட ஐட்டங்கள் நடுவில் தலை சுற்றும்.

ரிபென்டன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அது 'ஆன்டிபர்த்' என்ற பெயரில் ரசிகர்கள் 2016-இல் இலவசமாக வெளியிட்ட மோடிலிருந்து (விளையாட்டின் மேல் ரசிகர்களே செய்து சேர்க்கும் மாற்றம்) வளர்ந்தது. அதைச் செய்தவர்களையே அழைத்து அதிகாரபூர்வ விரிவாக்கமாக மாற்றினார்கள். மொத்தத் தொடரிலும் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

முதல் இரண்டு மூன்று தளங்களிலேயே செத்துப்போகிறேன். என்ன செய்வது?

எல்லோரும் அங்கேதான் சாகிறார்கள். சுடும் வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் முதலில் நகரப் பழகுங்கள். நான்கு திசைகளில்தான் சுட முடியும், ஆனால் ஓடிக்கொண்டே சுட்டால் ஓடும் பக்கமாகக் கண்ணீர் கொஞ்சம் சாய்ந்து போகும். இது கைக்கு வந்துவிட்டால் எதிரிக்கு நேராகப் போய் நிற்கவேண்டிய தேவை பாதியாகக் குறையும். முதல் தளத்தில் மான்ஸ்ட்ரோ என்ற பாஸ் வந்தால் பலர் பயந்து மூலைக்கு ஓடுவார்கள். மூலைதான் சாவு. அது மேலே எம்பும்போது நிழலைப் பாருங்கள், விழும் இடத்திலிருந்து பக்கவாட்டில் விலகுங்கள்.

அடுத்தது சிக்கனம். இதயங்கள்தான் உங்கள் உயிரின் அளவு. அது நிறைந்திருக்கும்போது தரையில் கிடக்கும் சிவப்பு இதயத்தைத் தொட வேண்டாம், தொட்டாலும் உள்ளே போகாது. எந்த அறையில் கிடக்கிறது என்று நினைவில் வைத்துக்கொண்டு, தளத்தை விட்டுக் கிளம்பும் முன் திரும்பி வந்து எடுங்கள். முதல் தளத்தின் புதையல் அறைக்குச் சாவி தேவையில்லை, இரண்டாவதிலிருந்து தேவை. கடைக்கும் சாவி வேண்டும். அதனால் தங்கப் பெட்டியைப் பார்த்ததும் கடைசிச் சாவியைச் செலவழித்துவிடாதீர்கள். கடையில் ஒரு ஐட்டம் வழக்கமாக 15 காசு. கையில் அவ்வளவு இல்லை என்றால் கடைக்கு அவசரமே இல்லை.

பாறைகளை உற்றுப் பாருங்கள். சில பாறைகள் மட்டும் லேசாக நிறம் மாறி, மேலே பெருக்கல் குறி போல ஒரு தடத்தோடு இருக்கும். அதைக் குண்டு வைத்து உடைத்தால் பெரும்பாலும் நீல இதயம் (சிவப்புக்கு மேல் சேரும் கூடுதல் உயிர்) கிடைக்கும். தெரியாத மாத்திரைகளை ஆரம்பத் தளங்களிலேயே, எதிரிகள் முடிந்த அறையில் விழுங்கிப் பார்த்துவிடுங்கள். ஒரு ரன் முழுக்க ஒரு நிற மாத்திரைக்கு ஒரே பலன்தான், அடுத்த ரன்னில் அது மாறிவிடும்.

இன்னொன்று: கருப்பை எனப்படும் 'வூம்ப்' தளத்திலிருந்து ஒவ்வொரு அடிக்கும் அரை இதயத்துக்குப் பதில் முழு இதயம் போகும். அதுவரை கவனமில்லாமல் வந்தவர்களுக்கு இங்கே திடீரென்று கஷ்டமாகிவிட்டது போலத் தோன்றும்.

எடுத்த ஐட்டம் என்ன செய்யும் என்று விளையாட்டு சொல்வதே இல்லையே?

சொல்லாது. பெயரும், புதிர் போல ஒரு வரியும் வரும், அவ்வளவுதான். ஆடிப்பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பது மெக்மில்லனின் கொள்கை. ஐட்டங்கள் குறைவாக இருந்த 2011-இல் அது நியாயமாக இருந்தது. இப்போதைய எண்ணிக்கைக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. கணினியில் ஆடுகிறவர்கள் 'எக்ஸ்டர்னல் ஐட்டம் டிஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற மோடைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐட்டத்தின் பக்கத்தில் போனாலே அதன் பலன் எழுத்தில் தெரியும். இது ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள்; அவர்களும் பக்கத்தில் இன்னொரு திரையில் விக்கியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள்.

டெவில் ரூமில் இதயத்தைக் கொடுத்து ஐட்டம் வாங்கலாமா?

பாஸைக் கொன்றதும் சில நேரம் ஒரு கூடுதல் கதவு திறக்கும். உள்ளே பிசாசின் சிலை, முன்னால் ஒன்றிரண்டு ஐட்டங்கள். விலை காசில் இல்லை, இதயப் பாத்திரத்தில் (சிவப்பு இதயம் நிரம்பும் இடத்தில்). கொடுத்தால் கொடுத்ததுதான், பெரும்பாலும் திரும்ப வராது.

புதியவர்கள் உயிர்தான் முக்கியம் என்று வெறுங்கையோடு வெளியே வருவார்கள். இந்த விளையாட்டில் அது பெரும்பாலும் தப்புக் கணக்கு. எதிரி பத்து நொடி உயிரோடு இருந்தால் பத்து நொடி உங்களைச் சுடுவான், இரண்டு நொடியில் செத்தால் எட்டு நொடி மிச்சம். தாக்குதல் பலம்தான் இங்கே நல்ல கவசம். பிரிம்ஸ்டோன் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், இரண்டு இதயம் போனாலும் எடுங்கள். வாயிலிருந்து அறையின் மறுகோடி வரை போகும் ரத்தக் கதிர் அது.

கதவு திறக்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்கிறது. அந்தத் தளத்தில், குறிப்பாகப் பாஸ் அறையில், சிவப்பு இதயத்தில் அடி வாங்கினால் வாய்ப்பு குறையும். நீல இதயத்தில் வாங்கிய அடி கணக்கில் வராது. நீல இதயத்துக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்கு இது ஒரு காரணம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. டெவில் ரூமைப் பார்த்தும் இதயம் கொடுத்து எதையும் வாங்காமல் விட்டால், பிறகு ஏஞ்சல் ரூம் வர வாய்ப்பு உண்டு. அங்கே எல்லாம் இலவசம், சேக்ரட் ஹார்ட் போன்ற பிரமாதமான ஐட்டங்களும் இருக்கும். ஒரு தடவை பிசாசோடு வியாபாரம் செய்துவிட்டால் அந்தப் பாதை ஏறக்குறைய மூடிவிடும். இரண்டில் எது என்று முதல் டெவில் ரூமிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. பாதிப் பாதி ஆடுகிறவர்களுக்கு இரண்டும் முழுதாகக் கிடைப்பதில்லை.

கண்ணில் பட்ட ஐட்டத்தையெல்லாம் எடுக்கலாமா?

பெரும்பாலும் சரி. ஆனால் சிலது உங்களையே கொல்லும். இபெக்காக் எடுத்தால் கண்ணீர் வெடிகுண்டாக மாறும், பக்கத்தில் வெடித்தால் உங்களுக்கும் அடிதான். டாக்டர் ஃபீட்டஸும் அப்படியே. பாப்ஸ் பிரெய்ன் என்ற மூளை முன்னால் பறந்து எதிரிமேல் மோதி வெடிக்கும், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அதற்குக் கவலையில்லை. சோய் மில்க் மழை மாதிரி சுடவைக்கும், ஒவ்வொரு துளியின் பலமும் தூசு.

பைபிளும் ஓர் ஐட்டம். அம்மாவோடு சண்டை போடும்போது அதைப் பயன்படுத்தினால் அம்மா அந்த இடத்திலேயே காலி. அதே புத்தகத்தைச் சாத்தான் முன்னால் திறந்தால் சாவது நீங்கள்.

ஐட்டங்கள் ஒன்றோடொன்று சேர்வதில்தான் இந்த விளையாட்டின் உயிரே இருக்கிறது. ஸ்பூன் பெண்டர் கண்ணீரை எதிரியைத் தேடிப் போகவைக்கும். அதோடு பிரிம்ஸ்டோன் சேர்ந்தால் கதிரே வளைந்து போய் எதிரியைப் பிடிக்கும். கப்பி என்ற பூனையின் பாகங்களில் மூன்றைச் சேர்த்தால் ஐசக்கே பூனையாக மாறிப் பறப்பான், அவனைச் சுற்றி ஈப்படை உருவாகும். அந்த நிலைக்கு வந்த ரன்னில் நீங்கள் ஒன்றும் பெரிதாகச் செய்யவேண்டியதில்லை. ஓட்டை ஐட்டங்களாகவே வரும் ரன்னும் உண்டு. அதிலும் ஜெயிக்கிறவர்கள்தான் நிஜமான கில்லாடிகள்.

ரகசிய அறையை எப்படிக் கண்டுபிடிப்பது?

வரைபடத்தில் மூன்று நான்கு அறைகள் சுற்றியிருக்கும் வெற்றிடத்தைத் தேடுங்கள். அந்தப் பக்கச் சுவரின் நடுவில் குண்டு வையுங்கள். சுவரை ஒட்டிப் பாறையோ குழியோ வழியை மறைத்தால் அங்கே வாசல் இருக்காது, குண்டை வீணாக்க வேண்டாம்.

எந்தக் கேரக்டரோடு தொடங்கலாம்?

ஆரம்பத்தில் ஐசக் மட்டும்தான். ஒரே ரன்னில் 55 காசு சேர்த்தால் காயீன், ஏழு இதயப் பாத்திரம் சேர்த்தால் மகதலேனா. ஒரே ரன்னில் மூன்று முறை பிசாசோடு வியாபாரம் செய்தால் அசாசெல் திறக்கும். சீக்கிரம் அவனைத் திறந்துவிடுங்கள். பறப்பான், குறுகிய தூரத்துக்கு ரத்தக் கதிர் முதலிலிருந்தே உண்டு, மூன்று கறுப்பு இதயங்களோடு ஆரம்பிக்கிறான். கைப்பழக்கம் வரும் வரை அவன்தான் துணை.

எதிர் எல்லையில் இருப்பது தி லாஸ்ட். ஒரே அடி, சாவு. ரிபென்டன்ஸோடு சேர்த்தால் 17 கேரக்டர்கள், ஒவ்வொன்றுக்கும் 'டெயின்டட்' எனப்படும் ஒரு கறைபட்ட மாற்று வடிவம், மொத்தம் 34.

அந்த தி லாஸ்ட் பற்றி ஏதோ பெரிய ரகசியம் என்கிறார்களே?

ரீபர்த்தில் அவனைத் திறக்கும் வழி எங்கும் எழுதப்படவில்லை. குறிப்பிட்ட கேரக்டர்களோடு குறிப்பிட்ட விதத்தில் வரிசையாகச் சாக வேண்டும். சாகும்போது காட்டும் படத்துண்டுகளைப் பல பேர் பகிர்ந்து, ஒட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள் என்று மெக்மில்லன் திட்டமிட்டிருந்தார். நடந்ததோ வேறு. வெளிவந்து சுமார் 109 மணி நேரத்தில் விளையாட்டின் கோப்புகளைத் தோண்டி விடையை எடுத்துவிட்டார்கள். அவர் மனம் நொந்துபோனார்.

ஆஃப்டர்பர்த்தில் விடையைக் கோப்புகளுக்குள் மட்டும் வைக்கவில்லை. கீப்பர் என்ற கேரக்டருக்கான புதிரின் ஒரு பகுதி நிஜ உலகத்தில் நடந்தது. துப்புகளைத் தொடர்ந்து போன ரசிகர்கள் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் மண்ணைத் தோண்டி ஒரு சின்னச் சிலையை எடுத்தார்கள். இப்போது ஆடும் உங்களுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை, வழிகள் எளிதாக்கப்பட்டுவிட்டன.

அம்மாவைக் கொன்றுவிட்டேன். முடிந்ததா?

இப்போதுதான் ஆரம்பம். அடுத்து அம்மாவின் வயிற்றுக்குள் போவீர்கள். அதற்கப்புறம் மேலே கதீட்ரல், கீழே ஷியோல் என்று பாதை பிரியும். கதீட்ரலின் பாஸ் ஐசக்கேதான், ஷியோலில் சாத்தான். அவற்றுக்கும் பிறகு தி செஸ்ட், டார்க் ரூம் என்ற தளங்கள். நேரத்தோடு பந்தயம் கட்டும் கதவுகளும் உண்டு: அம்மாவை 20 நிமிடத்துக்குள் முடித்தால் பாஸ்கள் வரிசையாக வரும் பாஸ் ரஷ், அம்மாவின் இதயம் என்ற பாஸை 30 நிமிடத்துக்குள் முடித்தால் ஹஷ் என்ற பாஸுக்கு வழி. ரிபென்டன்ஸ் போட்டால் மாற்றுப் பாதை ஒன்று திறக்கும். அதன் முதல் கதவுக்குச் சாவி, அடுத்ததற்கு இரண்டு குண்டு, மூன்றாவதற்கு உங்கள் ரத்தம்.

கதையின் முடிவுதான் என்ன? (ஆடி முடிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்)

பல முடிவுகள் வரும், முதலில் வருபவை ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தெரிவது இது: பாதாளமும் இல்லை, பேய்களும் இல்லை. அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டு அப்பா வீட்டை விட்டுப் போகிறார். தன்னால்தான் எல்லாம் என்று நம்பிய ஐசக் பொம்மைப் பெட்டிக்குள் தன்னைப் பூட்டிக்கொள்கிறான். நீங்கள் ஆடிய ஒவ்வொரு ரன்னும் அந்தப் பெட்டிக்குள் மூச்சு முட்டும் பிள்ளையின் கற்பனை. '???' என்ற பெயரில் வரும் நீல நிறக் கேரக்டர் ஏன் நீலமாக இருக்கிறது என்று அப்போது புரியும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஆடலாமா?

வேண்டாம். கார்ட்டூன் மாதிரி இருக்கிறதே என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ரத்தத்தை விட, பெற்றோர் பிள்ளையை வதைப்பதுதான் கதையின் மையம் என்பது முக்கியமான காரணம். பெரியவர்களிலும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சில காட்சிகள் வலிக்கக்கூடும்.

ஆங்கிலம் நன்றாகத் தெரிய வேண்டுமா?

தேவையில்லை. பேச்சும் எழுத்தும் மிகக் குறைவு. ஐட்டங்களின் படத்தைப் பார்த்தே பழகிவிடலாம்.

கீபோர்டா, கன்ட்ரோலரா?

எது கைக்கு வசதியோ அது. கீபோர்டில் இடது கையால் நடை, வலது கையால் அம்புக்குறி விசைகளில் சுடுதல், மவுஸ் தேவையில்லை. பழைய மடிக்கணினியிலும் ரீபர்த் பெரும்பாலும் ஓடும்.

நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியுமா?

ரிபென்டன்ஸில் ஒரே கணினியில் நான்கு பேர் வரை ஆளுக்கொரு கேரக்டரோடு ஆடலாம். ஆன்லைனில் சேர்ந்து ஆட 2024 நவம்பரில் வந்த 'ரிபென்டன்ஸ் பிளஸ்' வேண்டும். கணினியில் ரிபென்டன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அது இலவசம். ஐட்டங்களை யார் எடுப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பிரிம்ஸ்டோனை ஒருவர் சொல்லாமல் எடுத்துவிட்டால் அந்த ரன் முழுக்க அந்தப் பேச்சுதான் ஓடும்.